மாடிக்கு வந்த குடித்தனம்

வாணியம்பாடியில் எங்கள் தெருவுக்கு என்ன வயது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நவாபு காலத்துத் தெரு என்பார்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர்கள், நடுவில் முற்றம், தெருப்பக்கம் ஜன்னலே இல்லாத வீடுகள். இரண்டு ஜட்கா எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். எது போவது என்று தீர்மானிப்பதற்குள் தெருவே கூடிவிடும். இந்தத் தெருவில்தான் தோல் வியாபாரி சனாவுல்லா தன் பழைய வீட்டின் தலைமேல் ஒரு புது வீட்டை ஏற்றிவைத்தார்.

பம்பாயில் தன்னிடம் தோல் வாங்குகிற ஒருவர் குடியிருந்த ஃபிளாட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. மெட்ராஸிலிருந்து ஆள் கூட்டிவந்து மொசைக் தரை போட்டார். நின்றுகொண்டே சமைக்க ஒரு மேடை, கண்ணாடிக் கதவு போட்ட ஜன்னல்கள், தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டுகிற குழாய், பொத்தானை அழுத்தினால் அடிக்கிற மணி, கூடத்தில் ஒரு மின்விசிறி. எல்லாவற்றுக்கும் மேலாக, படுக்கையறையை ஒட்டியே ஒரு கக்கூஸ். சங்கிலியை இழுத்தால் தண்ணீர் தானே வந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். கட்டி முடித்த வாரத்தில் ஊரே வந்து அந்தச் சங்கிலியை இழுத்துப் பார்த்தது. நானும் இழுத்தேன். தொட்டி காலியாகிவிட்டது என்று கடைசியில் சனாவுல்லாவே கையெடுத்துக் கும்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

அதில் வாழ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மறு வருஷமே மார்வலியில் போய்விட்டார். ஒரே மகன் ஃபரூக் மெட்ராஸில் வியாபாரம் பார்த்துக்கொண்டு பெருநாளுக்கு மட்டும் வந்துபோனான். கீழ்வீட்டில் அவர் மனைவி கனீஸ் ஃபாத்திமா தனியாக இருந்தாள். மேலே ஃபிளாட் பூட்டிக் கிடந்தது.

குடித்தனம் வைக்க மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. வைத்தால் கௌரவமான குடித்தனமாக இருக்க வேண்டும் என்றாள். ஒரு பாங்குக்காரர் வந்தார். ஜன்னலைத் திறந்தால் மூன்று வீட்டு முற்றம் தெரியும், பெண்கள் புழங்குகிற இடம், ஆகவே திறக்கக் கூடாது என்று சொன்னதும், திறக்காத ஜன்னலுக்கு எதற்குக் கண்ணாடி என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு ரயில்வே அதிகாரியின் மனைவி மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, தெருவில் தோல் நாற்றம் என்றாள். அந்த நாற்றத்தில்தான் இந்தத் தெரு மூன்று வேளையும் சாப்பிடுகிறது. அந்தப் பெண்மணியைக் கனீஸ் ஃபாத்திமா கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஆனால் அவளும் மேலே குடியேறவில்லை. ஒரு வேளைச் சோறு அங்கே பொங்கியதில்லை. கேட்டால் முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை என்பாள். தினமும் ஒருமுறை மட்டும் துணியும் வாளியுமாக ஏறிப்போய் மொசைக்கைத் துடைத்துவிட்டு வருவாள். அந்தத் தரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நமக்கு வேறு வேலை இருந்தால் கெட்டது.

அறுபத்தொன்றாம் வருஷம், மலையில் சாமை அறுப்பு முடிந்திருந்த நேரம். சனாவுல்லாவின் அண்ணன் மகன் நசீர், புளி மண்டி வைத்திருப்பவன், தன் சாச்சி கனீஸ் ஃபாத்திமாவைத் தேடி வந்தான்.

"சாச்சி, மேல்வூட்டுக்கு ஆள் கீது. மலை ஆளுங்க. நம்ப மண்டிக்குப் புளி போடறவங்க. தீட்டு கழியிற வரைக்கும் கொஞ்ச நாள் இருந்தா போதும்."

"மலை ஆளுங்களுக்கு என் ஃபிளாட்டா?"

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கொயந்த பொறந்து, ரெண்டும் அழுவாமயே பூட்டுது சாச்சி. இது மூணாவது. ஆலங்காயத்து நர்சம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. முன்னாடியே கீழ எறங்கி வந்து இந்த ஊரு ஆஸ்பத்திரிக்குக் கிட்டக்க இருக்கணுமாம். வலி வந்தப்புறம் டோலி கட்டித் தூக்கினு வந்தா இதுவும் நிக்காதாம். ஊரு பூரா கேட்டுப் பாத்துட்டேன். பிரசவத்துக்குன்னா யாரும் வூடு தர மாட்டேங்கறாங்க."

கனீஸ் ஃபாத்திமா மறுக்கவில்லை. வந்து பார்க்கட்டும் என்றாள். வீட்டைக் காட்டுவதில் அவளுக்கு எப்போதும் ஒரு ருசி உண்டு.

ஆலங்காயத்துக்கு மேலே மலையில் இருக்கிற சின்ன ஊரிலிருந்து சடையனும் அவன் தாய் கெங்கம்மாளும் வந்தார்கள். சடையன் கீழே தெருவிலேயே நின்றுகொண்டான். கெங்கம்மாள் மட்டும் மாடி ஏறினாள். ஒல்லியான உயரமான மனுஷி. சுவரில் கை படாமல், நடுவிலேயே நடந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். ஷவரைத் திறந்து காட்டியபோது ஒன்றும் சொல்லவில்லை. விசிறியைச் சுழற்றிக் காட்டியபோதும் சொல்லவில்லை. பிறகு அவளாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"மேல ஏற இது ஒரு வழிதானுங்களா? உங்க வூட்டுக்குள்ள வர வேணாமா?"

"வேணாம். தனிப் படி. பம்பாய்ல இப்படித்தான்."

"இதுக்கு முன்னாடி யாருனா இங்க அடுப்பு பத்த வெச்சாங்களா?"

"யாரும் இல்ல. புத்தம் புதுசு."

"நீங்க தொழுவறதெல்லாம்?"

"அதெல்லாம் கீழதான்."

"கக்கூசு உள்ளயேதானா?"

கனீஸ் ஃபாத்திமா சங்கிலியை இழுத்துக் காட்டினாள். தண்ணீர் இரைந்து அடங்கும்வரை கெங்கம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மேல்படிக்கு வந்து கீழே இருந்த மகனிடம் சொன்னாள்.

"இதாண்டா எடம். இதவிடத் தோதா கெடைக்காது."

கனீஸ் ஃபாத்திமாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பாங்குக்காரருக்குத் தெரியாத அருமை, ரயில்வேக்காரிக்குத் தெரியாத அருமை, மலையிலிருந்து இறங்கிவந்தவளுக்குத் தெரிந்திருக்கிறதே. வாடகையைப் பற்றி அவளும் பேசவில்லை, இவளும் பேசவில்லை. நசீர் பார்த்துப் பேசிக்கொண்டான்.

மறு வாரம் சடையனின் மனைவி பாஞ்சாலி வந்தாள். நிறை வயிறு, ஒரு பாய், ஒரு பானை, ஒரு தட்டு. அவள் மட்டும்தான் மேலே போனாள். சடையனும் கெங்கம்மாளும் நசீரின் மண்டியில் புளிக் கூடைகளுக்கு நடுவே தங்கினார்கள். கெங்கம்மாள் அங்கேயே கல் கூட்டிச் சமைத்து, தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து மேல்படியில் வைப்பாள். பாஞ்சாலி வந்து எடுத்துக்கொள்வாள். கெங்கம்மாள் பாதிப் படியில் உட்கார்ந்து, மருமகள் சாப்பிட்டு முடிக்கும்வரை மேலே பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். மாடு கன்று போட்டது, பக்கத்துக் கொல்லையில் பன்றி புகுந்தது, இந்த மாதிரிப் பேச்சு. சடையன் அதுவும் செய்வதில்லை. தெருவில் நின்று ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவான். ஜன்னல் மூடியே இருக்கும்.

இதையெல்லாம் கனீஸ் ஃபாத்திமா தன் கதவின் மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். பார்த்து, தனக்குத் தெரிந்த வகையில் ஒரு முடிவுக்கு வந்தாள். அத்தனை பெரிய வீட்டை மருமகள் ஒருத்திக்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு, மாமியார் புளிக் கூடைக்குப் பக்கத்தில் படுக்கிறாள். படியில் சோறு வைத்துவிட்டு உள்ளே கூட நுழையாமல் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறாள். இப்படி ஒரு மாமியாரை எங்கேயாவது கண்டதுண்டா?

அவள் அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். எதிர்வீட்டு ஜாஹிதாவிடம் போய்ச் சொன்னாள். ஜாஹிதா தன் மருமகளைப் படுத்துகிற பாடு தெருவுக்கே தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறந்ததில்லை.

"மலையில இருக்கறவங்களப் பாத்து நாம கத்துக்கணும் ஜாஹிதா. மருமவள மகாராணியாட்டம் வெச்சிருக்காங்க. நம்ம தெருவுலயும் இருக்காங்களே, மருமவ நின்னா குத்தம், ஒக்காந்தா குத்தம்னு."

ஜாஹிதா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். அந்தச் சிரிப்பு நல்லதுக்கில்லை என்று கனீஸ் ஃபாத்திமாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பெருமை வந்துவிட்டால் மனுஷருக்குக் காது கேட்பதில்லை.

ஜாஹிதா வீட்டுக்கு விறகு போடுகிற பெண் மலைப்பக்கத்துக்காரி. அவளிடம் ஜாஹிதா மெல்ல விசாரித்தாள். விசாரித்த கையோடு, காலில் செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடிவந்தாள்.

"உன் ஃபிளாட்டு இன்னா ஃபிளாட்டுன்னு தெரியுமா உனக்கு? அவங்க ஊர்ல தீட்டானவங்க ஒதுங்கியிருக்க ஊருக்கு வெளிய ஒரு குடிசை போட்டிருப்பாங்களாம். புள்ள பெக்கறதும் அதுலதானாம். சாமி அந்தப் பக்கம் வராதாம், ஆம்பள எட்டிப் பாக்கக் கூடாதாம், வூட்டு ஆளுங்க தொடக் கூடாதாம். அந்தக் குடிசைக்கு பதிலா உன் வூட்ட எடுத்திருக்காங்க. மகாராணிதான். போய் நல்லா பாத்துக்கோ."

கனீஸ் ஃபாத்திமா நம்பவில்லை. சடையனைக் கூப்பிட்டு அனுப்பி, தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"ஆமாங்க பீபிம்மா. எங்கூர்ல குடிசை ஓடைக்கு அந்தாண்ட கீது. மழை பேஞ்சா ஒழுவும். இது ஒழுவாதுங்களே."

"இத பாத்தா உங்களுக்கு வூடாத் தெரியலயா?"

சடையன் யோசித்துப் பார்த்தான். அவள் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்றுதான் யோசித்திருப்பான். ஆனால் அவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"வூட்டுக்குள்ள கக்கூசு இருக்காதுங்களே. அடுப்பு இந்தாண்ட, அது அந்தாண்டன்னா சாமி எப்படிங்க வரும்? அம்மா பாத்த ஒடனே சொல்லிச்சு, இது அதுக்குன்னே கட்டினதுன்னு. வலி எடுத்தா ஆஸ்பத்திரில நர்சம்மா தொடுவாங்க. அவங்களுக்கு எங்க ஊர்க்கட்டு கெடையாது. நாங்க தொட்டா ஊர்ல சேக்க மாட்டாங்க. பொறந்தப்புறம் தீட்டு கழியிற வரைக்கும் மேல இருந்துட்டு மலைக்குப் போய்டுவோம். எல்லாம் யோசிச்சுத்தாங்க வந்தோம்."

யோசித்துத்தான் வந்திருந்தார்கள். நிதானமாகப் பார்த்தால் அதில் ஒரு ஓட்டை கிடையாது. ஊர்க்கட்டும் கெடாமல், பிள்ளையும் கெடாமல் அவர்கள் கண்டுபிடித்த வழி அது. ஆனால் நிதானமாகப் பார்க்கிற நிலையில் கனீஸ் ஃபாத்திமா இல்லை. அதுக்குன்னே கட்டினது என்ற சொல் அவளை அடித்துப் போட்டுவிட்டது. பம்பாய், மெட்ராஸ் ஆட்கள், புருஷன் இராப்பகலாக நின்று பார்த்த வேலை, எல்லாம் ஓடைக்கு அந்தாண்டை இருக்கிற குடிசைக்குச் சமம். இதில் இன்னொன்றும் இருந்தது, அவள் பிற்பாடு தானே எங்களிடம் ஒப்புக்கொண்டது. அவளும் அங்கே ஒரு பிடி சோறு தின்றதில்லை, ஒரு வேளை தொழுததில்லை. முற்றத்துக் கோடியில் இருக்க வேண்டியது படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது அவளுக்கும் அருவருப்புத்தான். புருஷனிடம் சொல்ல வாய் வராததை மலைக்காரன் வந்து சொல்லிவிட்டான். அதனால்தான் அத்தனை கோபம்.

"நாளைக்கே காலி பண்ணுங்க."

"சரிங்க பீபிம்மா," என்றான் சடையன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவளுக்கும் இறங்கிவர ஒரு படி கிடைத்திருக்கும்.

நசீர் வந்து கெஞ்சினான். "நாள் நெருங்கிடுச்சு சாச்சி. இவங்களுக்கு வேற யாரு எடம் தருவாங்க? திருப்பி மலைக்குத்தான் தூக்கினு போவாங்க. இதுவும் அழுவாம பூட்டுதுன்னா?"

"மெட்ராஸ்லருந்து ஆளு கூட்டினு வந்து போட்ட தரைடா அது. குடிசையாமே."

நசீர் மண்டிக்குத் திரும்பினான். எங்கள் வீட்டில் இடம் தரலாமா என்று என் மனைவி ஒரு பேச்சுக்குக் கேட்டாள். நானும் ஒரு பேச்சுக்கு யோசித்தேன். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இப்படித்தான் யோசித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

காலையில் சடையன் தெருவில் உட்கார்ந்து ஒரு மூங்கில் கழியில் கம்பளியை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். ஆலங்காயம்வரை பஸ். அதற்குமேல் டோலிதான். அவன் முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்ததைக் கனீஸ் ஃபாத்திமா தட்டி வழியாகப் பார்த்தாள். பார்க்கப் பிடிக்காமல் எழுந்தாள். தரையில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம் என்று மாடி ஏறினாள். அப்படித்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கூடத்தின் நடுவில், சுருட்டிய பாயின் பக்கத்தில் பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. புழுக்கத்தில் அவள் கழுத்தெல்லாம் வேர்வை. விசிறி ஓடவில்லை. தரையில் கீறல் எதுவும் இல்லை. கனீஸ் ஃபாத்திமா துடைத்தபோதுகூட அது அப்படிப் பளபளத்ததில்லை.

"ஃபேன் போட்டுக்கலயா?"

"எத அழுத்தினா எது ஓடும்னு தெரிலீங்க. மணி அடிச்சிட்டா உங்களுக்குத் தொந்தரவு."

இத்தனை நாளும் அந்த வெக்கையில் கிடந்திருக்கிறாள். கனீஸ் ஃபாத்திமா போய் பொத்தானைத் தட்டினாள். விசிறி சுற்ற ஆரம்பித்ததும் பாஞ்சாலி முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தனியா கெடக்க பயமா இல்லியா உனக்கு?"

"அங்கதாங்க பயம். மொதப் புள்ளைக்கு மழை. ஓடையில தண்ணி ஓடிச்சு. அத்தை அந்தக் கரையில நின்னுனு பேசினே இருந்தாங்க. எனக்கு எதுவும் கேக்கல. புள்ள பொறந்து கெடந்துச்சு, இன்னா பண்றதுன்னு தெரில. ரெண்டாவதுக்கும் அப்படித்தான். இங்க பயமில்லீங்க. நீங்க கீழ இருமறது கேக்கும். ஆள் கீதுன்னு படுத்துக்குவேன்." பிறகு, உபசாரமாக ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்தவளாகச் சொன்னாள். "எங்க பக்கத்துக் குடிசைங்களுக்கு இது ரொம்ப நல்ல குடிசைங்க பீபிம்மா."

முந்தின நாள் அவளைக் கொதிக்க வைத்த அதே குடிசைதான். இப்போது கோபம் வரவில்லை. ஃபரூக் பிறந்தபோது அவளையும் நாற்பது நாள் இருட்டறையில்தான் வைத்தார்கள். ஆனால் பக்கத்தில் நான்கு பெண்கள். யார் பிள்ளையை வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குள் சண்டை வேறு. இந்தப் பெண்ணுக்கு ஒரு கிழவியின் இருமல்தான் துணை.

அப்போதே இரு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கி அவளுக்குப் பழக்கமில்லை. குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கிற சாக்கில் குளியலறைக்குள் போனாள். குழாய் சொட்டவில்லை. இருந்தாலும் அதைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பீபிம்மா," என்று பாஞ்சாலி கூப்பிட்டாள்.

வந்து பார்த்தால் அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள். பனிக்குடம் உடைந்து காலடியில் தண்ணீர் பரவுகிறது. ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முந்தானையை எடுத்துத் தரையைத் துடைக்கக் குனிகிறாள்.

"தரை நனைஞ்சிடுச்சுங்க. கோச்சிக்காதீங்க."

"தரை கெடக்குது வுடு," என்றாள் கனீஸ் ஃபாத்திமா. அந்தத் தரையைப் பற்றி அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல்.

சத்தம் கேட்டுக் கெங்கம்மாள் படியேறி ஓடிவந்தாள். பாதிப் படியில், தினமும் உட்கார்ந்து பேசுகிற இடத்தில், கால் நின்றுவிட்டது. இரண்டு கையும் முன்னால் நீண்டு அப்படியே நின்றன. அவள் கல்நெஞ்சக்காரி என்று தெருவில் சிலர் பிற்பாடு பேசினார்கள். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். தொட்டால் மகனுக்கும் மருமகளுக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் மலையில் இடமில்லை. தொடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் இரண்டு தடவை அக்கரையில் நின்று பார்த்திருக்கிறாள்.

"நீங்க புடிச்சு எறக்கி வுடுங்கம்மா. உங்க காலுல வுழறேன். நர்சம்மாகிட்ட சேத்துடுங்க."

கனீஸ் ஃபாத்திமா பாஞ்சாலியின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கெங்கம்மாள் பின்வாங்கிப் பின்வாங்கி முன்னால் இறங்க, இவள் அந்தப் பெண்ணின் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். முழங்கால் வலி எவ்வளவு நிஜம் என்பது எங்களுக்கு அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. புர்கா எடுக்க நேரமில்லை. எதிர்வீட்டிலிருந்து ஜாஹிதா ஒரு போர்வையோடு வந்து, இருவர் தலையிலும் சேர்த்துப் போர்த்திவிட்டாள். நசீர் ஜட்காவைக் கொண்டுவந்து நிறுத்தினான். எதிரே வந்த இன்னொரு ஜட்காக்காரன், கேட்காமலே, தெருக்கோடிவரை பின்னால் போய் வழி விட்டான்.

வண்டிக்குப் பின்னால் சடையனும் தாயும் ஓடினார்கள். கிட்டே வராமல், கண்ணை எடுக்காமல் ஓடினார்கள். டோலிக் கழி தெருவிலேயே கிடந்தது. நானும் நசீரும் அவர்களுக்குப் பின்னால் போனோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள். "கூட வந்தது யாரு?"

"நான்தான்."

"நீங்க இன்னா உறவு?"

"வூட்டுக்காரி. எங்க வூட்டுல குடி இருக்காங்க."

நர்ஸ் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாஞ்சாலியை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். கனீஸ் ஃபாத்திமா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். சேலையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அவள் ரொம்பவும் பயந்திருந்தாள். புருஷன் போனபோது அழுதாளே தவிர பயப்படவில்லை. இந்தப் பயம் வேறு. இந்தப் பிள்ளையும் அழாமல் போனால், நேற்று தான் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. சடையன் சொல்லவே மாட்டான். சரிங்க பீபிம்மா என்று கேட்டுக்கொண்டு மலைக்குப் போய்விடுவான். தெரிந்த துஆவெல்லாம் ஓதினாள். பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஓதினாள்.

உள்ளே பாஞ்சாலியின் குரல் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. யாரோ அவசரமாக நடக்கிற சத்தம், பாத்திரச் சத்தம், நர்ஸ் எதையோ தட்டுகிற சத்தம். கனீஸ் ஃபாத்திமா எழுந்து நின்றுவிட்டாள். கதவில் கை வைத்தாள். தட்டத் தைரியம் வரவில்லை.

அப்புறம்தான் அந்த அழுகை வந்தது. முதலில் இருமல் மாதிரி ஒன்று, பிறகு தொடர்ந்து, மூச்சு முட்ட முட்ட. நர்ஸ் ஒரு துணிச் சுருளோடு வெளியே வந்து, வாங்கிக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். வேறு பெண்கள் யாரும் இல்லை. கனீஸ் ஃபாத்திமா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். பெண் குழந்தை. தாய் நன்றாக இருக்கிறாள் என்று நர்ஸ் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, சாலையின் எதிர்ப்புறத்தில் சடையனும் கெங்கம்மாளும் நின்றார்கள். அதற்குமேல் அவர்கள் வர மாட்டார்கள். நடுவில் சாலை, மாட்டுவண்டி, ஜட்காக்காரர்கள், தொழுகை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த எங்கள் தெரு ஆண்கள். கனீஸ் ஃபாத்திமா வராந்தா ஓரத்துக்கு வந்தாள். தட்டிக்குப் பின்னாலிருந்து தவிர அந்நிய ஆணிடம் அவள் பேசி எங்களில் யாரும் கேட்டதில்லை. சடையன் எதிர்ப்புறத்திலிருந்து கேட்டது வராந்தாவரை எட்டவில்லை, அவன் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. என்ன கேட்கிறான் என்று எல்லோருக்குமே தெரியும்.

அவள் போர்வையைத் தன் முகத்திலிருந்து விலக்கினாள். குழந்தையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சாலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"அழுவுதுப்பா. நல்லா அழுவுது."

சடையன் அப்படியே நின்றான். கெங்கம்மாள் சாலையோரத்து மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். எங்கள் தெரு ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அது அவள் முகத்தைப் பார்த்துவிட்டதால் வந்த வெட்கம் இல்லை.

நசீர் வராந்தா படியருகே போய் மெதுவாகக் கேட்டான். "சாச்சி, இங்கருந்து அனுப்பிட்டா இவங்க எங்க போவாங்க?"

"எங்க போவாங்க? குடிசைக்குத்தான்," என்றாள் கனீஸ் ஃபாத்திமா. "நீ முன்னாடி போய் ஃபேன போட்டு வை."